சங்கமே பொறுப்பு

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். கோயில் சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாளில், கீழே முத்திரைக்கு இடம் விட்டு, ஆங்கிலத்தில் நான்கு வரிகள். எங்கள் ஊர் அண்ணன் தம்பி இருவரில், அண்ணன் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு தம்பியைக் கோயில் வளாகத்திலேயே தங்கவைத்து, சோறும் துணியும் கொடுத்து, அவர் காலம் உள்ளவரை பார்த்துக்கொள்ளச் சங்கமே பொறுப்பேற்கிறது என்பது அதன் சாரம். பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கி வந்த இயந்திரத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் அடித்து முடித்து, தாளை உருவித் தூக்கிப் பிடித்து நானே ஒருமுறை ரசித்துக்கொண்டேன். தலைவர் கையெழுத்துப் போட்டு ஊதா முத்திரையைக் குத்தினார். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். பக்கத்தில் நின்ற தம்பி, எல்லோரும் சேர்ந்து ஏதோ நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

ஃபிஜியில், பா நகரத்தில் நடந்தது இது. எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்திய வம்சாவளியினர் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நகரத்தின் வரதோலிப் பகுதியில் எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒரு வீடு காலியாயிற்று. வழியில் யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், பேப்பர் போட்டாச்சா, அதாவது வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தாச்சா என்று கேட்கத் தொடங்கியிருந்தோம். கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த அந்த அண்ணனும் பேப்பர் போட்டார். தான், மனைவி, இரண்டு பிள்ளைகள், தம்பி என ஐந்து பேருக்கு. தம்பிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஆள் வளர்ந்துவிட்டார், அறிவு மட்டும் ஆறேழு வயதில் நின்றுவிட்டது. மருத்துவப் பரிசோதனை முடிந்து பதில் வந்தது. இவரையும் சேர்த்தால் யாருக்கும் இல்லை, இவர் பெயரை எடுத்துவிட்டால் மற்ற நால்வரையும் பரிசீலிக்கலாம். அண்ணன் மூன்று மாதம் தவியாய்த் தவித்துவிட்டுப் பெயரை எடுத்தார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது விளங்கும்.

நான் அந்த ஊர்க்காரி அல்ல. என் கணவர் சர்க்கரை ஆலையில் பொறியாளர் வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து போனவர். கூடப் போன நான் அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியையானேன், கொஞ்ச நாளில் கோயில் மாதர் சங்கத்துக்குச் செயலாளரும் ஆனேன். ஊரில் மற்றவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரன் பேத்திகள். சாமி கும்பிடும்போதும் எங்களைப் போன்றவர்களிடமும் மட்டும் கொஞ்சம் தமிழ், மற்றபடி வீட்டிலும் கடையிலும் ஃபிஜி இந்திதான். தம்பிக்கு மட்டும் செத்துப்போன அவர் அம்மா பேசிய தமிழ் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, வேறு எதுவும் ஏறவில்லை. அதனால் பள்ளி விட்டு நான் கோயிலுக்குள் நுழையும் நேரம் பார்த்து வாசலில் காத்திருப்பார். "யக்கா, இன்னிக்கி பச்ச பஸ்ஸு வரவே இல்ல. மஞ்ச பஸ்ஸுதான் ரெண்டு வாட்டி வந்துச்சு" என்று அன்றைய செய்தியைச் சொல்வார். அவர் பேசுவது முழுதாகப் புரிகிறவள் கோயிலில் நான் ஒருத்திதான். எது கேட்பதானாலும் அவரிடம் நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

நாங்கள் அவரைப் பட்டினி போட்டோம் என்றோ அடித்தோம் என்றோ யாரும் சொல்ல முடியாது. கோயிலுக்குப் பின்னால் மின்விசிறி வைத்த தனி அறை. வளாகத்தைக் கூட்டுவது, பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, இவ்வளவுதான் அவர் வேலை. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் இலை தம்பிக்கு. ஞாயிற்றுக்கிழமை சர்க்கரைப் பொங்கல், வெள்ளிக்கிழமை கேசரி, பிறந்தநாள் வீட்டிலிருந்து கேக், குடிக்கச் சிவப்புச் சாயம் போட்ட சர்பத். அவருக்கு இனிப்பு ஊட்டுவதில் எங்களுக்குள் ஒரு போட்டியே இருந்தது. வெளியூரிலிருந்து யாராவது வந்தால், "எங்க தம்பியைப் பாருங்க, சங்கந்தான் வச்சுப் பாத்துக்குது" என்று பெருமையாகக் காட்டுவோம். அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனதில்லை. தலைவர் மாதர் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார், மாதர் சங்கத்தில் நாங்கள் பூசாரி பார்த்துக்கொள்வார் என்று இருந்தோம், பூசாரி அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று இருந்தார். நான் அடித்த கடிதத்தில் சங்கம் என்று இருந்ததே தவிர ஓர் ஆளின் பெயர் இல்லை. அதைக் கடிதத்தின் குறை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அங்கே மாரியம்மன் கோயில்களில் வருடா வருடம் தீமிதி உண்டு. வேண்டிக்கொண்டவர்கள் காப்புக் கட்டிக்கொண்டு, பத்து நாள் வீட்டுக்குப் போகாமல் கோயிலிலேயே தங்கி, தரையில் படுத்து, ஒருவேளைச் சோறு சாப்பிட்டு, கடைசி நாள் ஆற்றில் முழுகி மஞ்சள் துணியோடு மேளத்தோடு வந்து நெருப்பில் இறங்குவார்கள். முன்பெல்லாம் பிள்ளை வரத்துக்கும் நோய் தீரவும் வேண்டிக்கொண்டார்கள். ராணுவம் வந்த பிறகு விசாவுக்கு வேண்டிக்கொண்டார்கள். இதில் ஒரு சிக்கல். விசா தீமிதிக்குக் காத்திருப்பதில்லை, இன்ன தேதிக்குள் போய் இறங்கு என்று வந்துவிடும். வேண்டுதலைத் தீர்க்காமல் விமானம் ஏறவும் பயம். முதலில் இந்த முடிச்சில் மாட்டியவர் கனடா போகவிருந்த ஒரு பையனின் அப்பா. வேறு யாராவது அவனுக்காக மிதிக்கலாமா என்று கேட்டார். பூசாரி, "வேண்டுனவங்கதான் மெதிக்கணும்" என்று இழுத்தார். தலைவர்தான் வழி சொன்னார். "தம்பி இருக்கிறானே. அவன் மனசுல ஒரு கள்ளம் கெடையாது. அவன் மெதிச்சா அம்மன் வோணாம்னா சொல்லப்போவுது? கோயி பாத் நை." பரவாயில்லை என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்கிற இந்தி அது. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சிரித்துத் தலையாட்டினார். மழை பெய்கிறதா என்று கேட்டாலும் தலையாட்டுவார், பெய்யவில்லையா என்று கேட்டாலும் தலையாட்டுவார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்கென்று ஒரு முறையும் தானாக உருவாகிவிட்டது. வேண்டுதலுக்குரியவர் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தட்டில் வெற்றிலை பாக்கு தேங்காய் வைத்து, என் வேண்டுதலை நீ ஏற்றுக்கொள் என்று கொடுக்க வேண்டும். தாம்பூலம் மாற்றுவது என்று அதற்குப் பேர் வைத்தோம். முதல் வருடம் ஒரு குடும்பத்துக்கு மிதித்தார், அடுத்த வருடம் மூன்று குடும்பத்துக்குச் சேர்த்து மிதித்தார். பிறகு பக்கத்து ஊர்க் கோயில்களிலிருந்து ஆள் வந்து கேட்டார்கள். தீமிதிக் காலத்தில் ஒரு கோயிலில் காப்பு அவிழ்த்து அடுத்த கோயிலில் காப்புக் கட்டுவார். ஒரு வருடம் கப்பலில் ஏற்றி அடுத்த தீவிலிருக்கும் லம்பாசாவுக்குக்கூட அழைத்துப்போனார்கள். அவருக்கு அந்தப் பத்து நாள் பிடித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மற்ற நாளில் எல்லோரும் சாமி கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காப்புக் கட்டிய நாட்களில் இருபது பேர் அவர் பக்கத்தில் படுப்பார்கள், அவரோடு சாப்பிடுவார்கள். மற்றவர்கள் முகம் கோண ஓட்டமாய் ஓடிக் கடக்கிற நெருப்பை அவர் பூந்தோட்டத்தில் நடக்கிறவர்போல நடந்து கடப்பார். கரையில் நிற்கும் பெண்கள் அழுதுகொண்டே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவர் மேல் அம்மனுக்குத் தனிப் பிரியம் என்றார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டவள்தான்.

இரண்டாயிரத்தில் மறுபடி ஒரு கும்பல் ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. தலைநகரில், சமபுலாவிலிருந்த என் கணவரின் நண்பர் கடையைச் சூறையாடிவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று மாலையே, போதும், கிளம்புவோம் என்றார் என் கணவர். நியூசிலாந்துக்கு விண்ணப்பித்தோம். எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அதற்கு நான்கு வருடம் முன்னால் எனக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்திருந்தார்கள். என்னால் குடும்பமே நின்றுவிடுமோ, பெயரை எடு என்று எனக்கும் ஒரு கடிதம் வருமோ என்று நடுங்கினேன். பரிசோதனைக்கு முதல் நாள் கோயிலில் நின்று, தேறிவிட்டால் தீ மிதிக்கிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டேன். பத்து அடி தள்ளி அந்த மாதிரிப் பரிசோதனையில் தேறாதவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் நினைவு எனக்கு வரவே இல்லை.

தேறினேன். விசாவும் வந்தது. தீமிதி முடிந்த ஐந்தாம் நாள் விமானம், நானே மிதித்திருக்கலாம். ஆனால் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த இளைஞர், விஷயம் கேள்விப்பட்டதும் பதறிவிட்டார். "என்ன மேடம், நீங்க டீச்சர் வேற. செருப்பில்லாம தோட்டத்துல நடக்கவே கூடாதுன்னு சொல்றேன், நீங்க நெருப்புல நடக்குறேங்கிறீங்க" என்றார். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மெல்ல மெல்ல மரத்துப்போகும், புண் வந்தாலும் வலிக்காது, வலிக்காததால் தெரியாது, தெரியாததால் அழுகிப்போகும் என்று காகிதத்தில் படம் வரைந்தே காட்டினார். அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனேன். "தம்பி, அக்காவுக்காக மிதிப்பியா" என்று கேட்டேன். அவர் சிரித்துத் தலையாட்டினார்.

பத்தாம் நாள் காலை, ஆற்றுக்குக் கிளம்புமுன் தாம்பூலம் மாற்ற வேண்டும். அவரை மணையில் உட்காரவைத்து முதலில் வலது காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவினேன். பிறகு இடது கால். குதிகாலுக்குச் சற்று முன்னால், உள்ளங்காலில், கூட்டுகிற இடத்துச் சாணியும் மண்ணும் அடைத்தாற்போல ஒரு கறுப்பு இருந்தது. அழுக்கு என்று நினைத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். அது அழுக்கல்ல. தோல் வழன்று உள்ளே என் விரல் நுனி இறங்கியது. ஒரு நாற்றம் வந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மேளக்காரரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை, இந்த முறை வேண்டுமென்றே, அழுத்தினேன். கால் அசையவில்லை. இத்தனை வருஷமாக அவர் நெருப்பில் நிதானமாக நடந்தது ஏன் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்த நூறு பேரில் அதைத் தெரிந்துகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான், டாக்டர் வரைந்து கொடுத்த படம் என் கைப்பையில் இருந்தது.

எழுந்து நின்று, இவரை இறக்காதீர்கள், காலில் புண் இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பூசாரி ஒப்புக்கொண்டிருப்பார், புண்ணோடு இறங்கக் கூடாது என்று விதியே உண்டு. நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இவர் நின்றுவிட்டால் என் வேண்டுதல் நின்றுவிடும், வேறு ஆளுக்கு மறுபடி பத்து நாள் காப்புக் கட்ட நேரம் இல்லை, தீராத வேண்டுதலோடு நான் என் பிள்ளைகளை விமானத்தில் ஏற்ற வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நிமிஷ வேலைதானே, முடிந்ததும் யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். குங்குமத்தையும் மஞ்சளையும் குழைத்து அந்த இடத்தில் தடித்துப் பூசினேன். பார்ப்பவர்களுக்குப் பாத பூஜைபோல இருந்திருக்கும். தட்டைக் கொடுத்து, "என் வேண்டுதலை ஏத்துக்கோ தம்பி" என்றேன். மாலையில் அவர் நடந்தார், எப்போதும்போல நிதானமாக. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முடிந்ததும் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டி கட்டும் வேலை இருந்தது, வீட்டுச்சாவி ஒப்படைக்கும் வேலை இருந்தது, வழியனுப்ப வந்தவர்களுக்குச் சமைக்கும் வேலை இருந்தது. தம்பியும் வழியனுப்ப வந்தார், கொஞ்சம் சாய்ந்து நடந்தார். ஆக்லாந்தில் இறங்கி மூன்று வாரம் கழித்து மாதர் சங்கத்துத் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். தம்பிக்குக் காய்ச்சல் கண்டு விழுந்துவிட்டாராம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டதாம். கையெழுத்து வாங்க நர்ஸ் வந்து இவருக்கு யார் பொறுப்பு என்று கேட்டபோது, போயிருந்த ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். "அவனுக்கு ஷுகர் இருந்துச்சாம் டீச்சர். நம்ப யாருக்குமே தெரியாமப்போச்சு பாரு" என்று அழுதாள். "அப்படியா" என்றேன் நான். இந்த ஒரு சொல்லை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பு வருகிறது.

இங்கே நாங்கள் போகும் கோயிலில், பிள்ளைகளையும் வயதானவர்களையும் இயலாதவர்களையும் பாதுகாப்பதற்கென்று ஒரு பொறுப்பு உண்டு. பத்து வருடமாக அது என்னிடம் இருக்கிறது. இயலாத ஒருவர் கோயிலுக்கு வந்தால் அவர் பெயருக்கு எதிரே கட்டாயம் ஓர் ஆளின் பெயர் எழுத வேண்டும், குழு என்றோ சபை என்றோ எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன். சேவைக்கு வருகிற யாரிடமும், இவர் வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பேன். இளசுகள் என் முதுகுக்குப் பின்னால் போலீஸ் ஆன்ட்டி என்கிறார்கள். என் கண்டிப்பைப் பாராட்டி ஒரு தடவை பொன்னாடையும் போர்த்தினார்கள். போர்த்திய கையோடு எனக்கு அழுகை வந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

போன வருடம்தான் ஃபிஜிக்குத் திரும்பிப் போனேன். சங்கத்தில் அன்றைக்கு இருந்தவர்கள் எவருமே ஊரில் இல்லை. தலைவர் பிரிஸ்பேனில் காலமாகிவிட்டார், மற்றவர்கள் நான்கு நாடுகளில் இருக்கிறார்கள். அதில் பாதிப்பேருக்குத் தம்பி மிதித்திருக்கிறார். அவர் லௌடோகா பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். தலை முழுக்க நரைத்து, சக்கர நாற்காலியில், நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து, விமானத்தில் வந்த நேரம் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "தம்பி, அன்னிக்கு உன் கால்ல புண்ணு இருந்துது. அக்கா பாத்தேன். பாத்துட்டும் சொல்லாம இருந்துட்டேன்." அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறவர்போலக் கையைத் தட்டிக்கொடுத்தார். "புண்ணு போயிடுச்சி யக்கா. காலோடவே போயிடுச்சி" என்றார்.

பிறகு அவர், "ஒனுக்கு விசா வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "கனடா பையனுக்கும் வந்துச்சி. லம்பாசாக்காரருக்கு வந்துச்சி. அல்லாருக்கும் வந்துச்சி" என்று விரல் மடக்கிக்கொண்டே போனவர் நடுவில் நிறுத்தி யோசித்தார். "எனுக்குத்தான் வரல. எனுக்காவ ஒருத்தரும் மெதிக்கல, அதானே யக்கா?"

"ஆமா தம்பி. ஒருத்தரும் மிதிக்கல" என்றேன்.

"அப்ப சரி" என்றார் அவர். அண்ணன் ஏன் தன்னை விட்டுவிட்டுப் போனார் என்பதற்கு இத்தனை வருஷம் கழித்து அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.